வேலி தாண்டப் பார்த்த வாழைமரம்

ஒரு ஊர்ல ஒரு வாழைமரம் இருந்துச்சாம். சும்மா வாழைமரம் இல்ல, ரோஷக்கார வாழைமரம். ம் கொட்டு. கொட்டினாத்தான் மேல சொல்லுவேன். ஆங், சரி.

அந்த மரம் மாயழகு வீட்டுக் கொல்லையில நின்னுச்சு. மாயழகுன்னா ஒல்லியா, உசரமா, மூக்கு மட்டும் குண்டா ஒரு ஆளு. அவரு பொண்டாட்டி பேரு செவந்தி. கொல்லையில ஓலைத்தட்டி மறைப்புக்குள்ள ஒரு கல்லு கிடக்கும், அதுமேல நின்னுதான் ரெண்டு பேரும் குளிப்பாங்க. குளிச்ச தண்ணி சளசளசளன்னு சின்ன வாய்க்கால்ல ஓடி நேரா வாழை காலுக்குப் போகும். வாழை அதை மடக் மடக்னு குடிச்சுட்டு இலையை ஆட்டிக்கிட்டு நிக்கும். தனியா யாரும் அதுக்குத் தண்ணி ஊத்தினதே இல்ல.

அப்புறம் ஒருநாள் மாயழகு டவுனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனாரு. லாட்ஜுல ரூம் போட்டுக் குடுத்தாங்க. அங்க ஷவரைப் பார்த்துட்டாரு. மேலேருந்து புஸ்ஸ்ஸ்னு மழை. அவரு அதுக்கடியிலயே நின்னுட்டாரு. தாலி கட்டினதைப் பார்க்கல. சாப்பாட்டுக்கு மட்டும் கரெக்டா போயிட்டாரு.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையா குளிக்கிற கல்லைப் பேத்தாரு. நீலக் கலர் டைல்ஸ் ஒட்டி, ஷவர் மாட்டி, பாத்ரூம் கட்டிட்டாரு. தண்ணி போற குழாயைத் தெருச் சாக்கடைக்கு விட்டாரு.

"ஏங்க, வாழைக்குத் தண்ணி?"ன்னா செவந்தி.

"அதான் மழை பெய்யுமே"ன்னாரு.

மழையா பெஞ்சுச்சு? ஒரு சொட்டு இல்ல. ஆனா பாத்ரூமுக்குள்ள மட்டும் தினம் அரைமணி நேரம் மழை. ஷவரைத் திறந்து விட்டுட்டுத்தான் சோப்பைத் தேடுவாரு. சோப்பு கிடைச்சதும் துண்டைத் தேடுவாரு. துண்டு கழுத்துலயே கிடக்கும்.

அப்போ ஒருநாள் காலையில, உள்ள அவரு பாடிக்கிட்டே குளிக்கிறாரு. கதவுல டொக் டொக் டொக்.

"யாரு?"

"நான்தாண்ணே, வாழை."

மாயழகு சோப்பு நுரையோட ஒரு கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தாரு. வாழைமரம்தான். வேரைப் புடவை மாதிரித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. என்ன கேக்குற, வாழைக்குக் கால் உண்டான்னா? இந்தக் கதையில ரெண்டு உண்டு. ம் கொட்டு.

"அண்ணே, என் வயித்துல குலை இருக்கு. தண்ணி இல்லாம வெளிய தள்ள முடியல. மூணு நாள் பார்ப்பேன். தண்ணி வரலைன்னா அங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

அங்கம்மா பக்கத்து வீடு. அந்தம்மா பாத்திரம் விளக்குற தண்ணி வேலியோரமா சும்மாவே ஓடிக்கிட்டு இருக்கும். இதெல்லாம் கேட்டுட்டு வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து அங்கம்மா சொல்லுச்சு, "வா தாயி, வா. மாயழகு, நீ ஷவரை வச்சுக்க. நான் வாழையை வச்சுக்கிறேன்."

மாயழகு விடுவாரா? கன்னு வச்ச நாள்லேருந்து அந்தக் குலையை நினைச்சு எச்சில் முழுங்கிக்கிட்டு இருக்கிற மனுஷன்.

அப்புறம் முதல் நாள். உச்சி வெயில்ல மோட்டாரைப் போட்டு, ஓஸ் பைப்பைப் பிடிச்சு, இலைமேல சர்ர்ர்ர்னு அடிச்சாரு. தரையில விழுந்த தண்ணி உஸ்ஸ்ஸ். பாதியை வெயில் குடிச்சுது. மீதி தெருவுக்கு ஓடிருச்சு. போர்வெல் குழாய் கர்ர் கர்ர்னு இருமி நின்னுபோச்சு. வாழை சொல்லுச்சு, "உதடு நனைஞ்சுதுண்ணே. தொண்டைக்கு ஒண்ணும் வரல."

ரெண்டாவது நாள். மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே குளிச்சாரு. தலைக்கு அரை கப் தண்ணி, அரை பாட்டில் ஷாம்பு. புசுபுசு புசுபுசுன்னு நுரை, மரமே தெரியல. நுரைக்குள்ளேருந்து அச்சு அச்சுன்னு தும்மல் மட்டும் வருது. "அண்ணே, எனக்கு முடியே இல்லையேண்ணே"ன்னுச்சு வாழை.

அங்கம்மா வேலிப்பக்கம் இடம் கூட்டிக் கோலம் போட்டு வச்சிருச்சு.

மூணாவது நாள். தூங்கிட்டியா? ம். சரி.

செவந்தி கடப்பாரையை எடுத்தா. பாத்ரூமுக்குப் பின்னால போய், சாக்கடைக்குப் போற குழாயை ணங்குனு உடைச்சு, கொல்லைப்பக்கம் திருப்பி விட்டா. மம்பட்டியால பழைய வாய்க்காலைத் தோண்டினா. மாயழகு ஒரு டைல்ஸைத் தடவிக்கிட்டு அழுதாரு. செவந்தி வாழை காலைச் சுத்திச் சருகை அள்ளிப் போர்வை மாதிரிப் போட்டா, வெயில் குடிக்கக் கூடாதுன்னு. அப்புறம் ஒரு வாளியையும் ஒரு கப்பையும் புருஷன் கையில குடுத்தா.

"இன்னைக்கு உங்களுக்கு இவ்வளவுதான் மழை."

"பாட்டு?"

"சின்னப் பாட்டா பாடுங்க."

அவரு குளிச்சாரு. தண்ணி வாய்க்கால்ல இறங்குச்சு. காஞ்ச மண்ணு, சுர்ர்ருனு உறிஞ்சுது. பாதி வழியில தண்ணி நின்னுபோச்சு. அங்க வாழை வேலி தாண்ட ஒரு காலைத் தூக்கிட்டு இருக்கு.

செவந்தி ஓடிப்போய் அரிசி கழுவின தண்ணியை ஊத்தினா. தண்ணி ஒரு முழம் போச்சு. வாழை காலை வேலிமேல வச்சுது. கீரை அலசின தண்ணியை ஊத்தினா. இன்னொரு முழம். வாழை அந்தக் காலை அங்கம்மா பக்கம் ஊனிருச்சு. துணி அலசின தண்ணி ஒரு வாளி இருந்துச்சு, மாயழகு அதைத் தூக்கிட்டு ஓடி வந்து வாய்க்கால்ல கவுத்துட்டு, அவரும் சேர்ந்து விழுந்தாரு. பொத்.

குடுகுடு குடுகுடுன்னு தண்ணி ஓடி, வாழையோட இந்தப் பக்கத்துக் கால் சுண்டுவிரலைத் தொட்டுச்சு. சில்ல்ல்.

வாழை அப்படியே நின்னுருச்சு. ஒரு கால் இங்க, ஒரு கால் அங்க, நடுவுல வேலி. மடக் மடக் மடக்னு குடிச்சுது. அப்புறம் ஒரு பெரிய ஏப்பம் விட்டு, டுப்புனு குலை தள்ளிருச்சு. எந்தப் பக்கம்? அங்கம்மா பக்கம்.

"என் பக்கம் தொங்குது, என்னுது"ன்னுச்சு அங்கம்மா.

"கால் என் பக்கம் மதினி"ன்னாரு மாயழகு, சேத்துலேருந்து.

"ஒரு கால்தானப்பா."

வாழைக்குக் கோவம் வந்துருச்சு. "ரெண்டு பேரும் சும்மா இருங்க. இப்ப என்னால எந்தப் பக்கமும் நகர முடியாது. அண்ணே, இந்தக் காலுக்குக் குளிச்ச தண்ணி. அக்கா, அந்தக் காலுக்குப் பாத்திரம் கழுவின தண்ணி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம. எந்தக் கால் காயுதோ அவங்களுக்குப் பழம் கிடையாது."

அப்புறம் பார்க்கணுமே. ரெண்டு வீட்டுலயும் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகல. ஷவர்ல செவந்தி துண்டு காயப்போட்டா.

குலை பழுத்துச்சு. பதினோரு சீப்பு. ஆளுக்கு அஞ்சு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் ஒண்ணு யாருக்குன்னு சண்டை போட்டாங்க, போட்டாங்க, போட்டுக்கிட்டே இருந்தாங்க. திரும்பிப் பார்த்தா, ஒரு ஆடு அந்தச் சீப்பைத் தோலோட மென்னுக்கிட்டு நிக்குது.

"யாரு ஆடு?"ன்னாரு மாயழகு.

"என்னுது இல்ல"ன்னுச்சு அங்கம்மா.

ஆடும் ஒண்ணும் சொல்லல. வாயில பழம்.

வாழைக்குத் தண்ணி பாஞ்சுது, ஆட்டுக்கு வயிறு நிறைஞ்சுது, கதை தீந்துது. கண்ணை மூடு. ம் வேணாம், இனி தூங்கு.