முதல் காலடி

ஒரு காட்டில், விடியும் வேளைதோறும் பனிமூட்டம் பால்போல் பரவும் ஓர் ஆறு இருந்தது. அதன் இக்கரையில் ஒரு முரட்டுக் கூட்டம் வாழ்ந்தது. குழந்தைகளே, அக்கூட்டம் அமைந்திருந்த விதத்தை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைவன், வன்கண்ணன் என்னும் கழுதைப்புலி. கட்டளையிடுபவன் அவனே, எனினும் எப்போதும் கடைசியில்தான் நடப்பான். அடுத்தவன், நயவன் என்னும் நரி. புதியவர்களைத் தேடிச் சேர்ப்பது அவன் வேலை. மிரட்டுவதற்கு மூன்று செந்நாய்கள் இருந்தன. அக்கரையிலுள்ள எளிய விலங்குகளின் உணவைப் பறிப்பதே இவர்களின் தொழில். ஆற்றைக் கடக்கும்போது, புதிதாகச் சேர்ந்தவரே முதலில் இறங்க வேண்டும். அதற்கு ‘முதல் காலடி’ என்று பெயர்.

மந்தையோடு மேய்பவர்களிடம் நயவன் பேசுவதே இல்லை. தனித்து நிற்பவர்களையே நாடுவான்.

காட்டுத்தீயில் மந்தையைப் பிரிந்த மருதன் என்னும் கடமான் அப்படித்தான் அவன் கண்ணில் பட்டான். பல நாளாக மருதனிடம் யாரும் பேசியதில்லை. மூங்கில்கள் உரசும் ஒலிகூட, யாரோ தன்னை அழைப்பதுபோல் அவனுக்குக் கேட்டது.

“சாப்பிட்டாயா, தம்பி?” என்றான் நயவன்.

அந்த ஒரு கேள்வியில் மருதனின் நெஞ்சு கரைந்தது. அன்றே அவன் நெற்றியில் கூட்டத்தின் அடையாளமான செம்மண்ணைப் பூசினார்கள்.

மறுநாள் விடியலில் எல்லோரும் ஆற்றங்கரையில் நின்றார்கள். நீரா, மேகமா என்று அறிய இயலாத வெண்மை. கனவுக்குள் நிற்பதாகவே மருதனுக்குத் தோன்றியது.

“முதல் காலடி உன்னுடையது, தம்பி! எவ்வளவு பெரிய மரியாதை!” என்றான் நயவன்.

மருதன் பெருமையோடு காலைத் தூக்கினான். அப்போது வெண்மைக்குள்ளே ஒரு கட்டை ஓசையின்றி அசைந்தது. கட்டைக்குக் கண்கள் இருந்தன.

தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

“அண்ணே, எனக்கு முன் இந்த மரியாதையைப் பெற்றவர் யார்?”

“ஒரு காட்டுப்பன்றி. அவர் இப்போது மிக உயர்ந்த இடத்தில் இருக்கிறார்.”

செந்நாய்களுள் மூத்தவள் தலை குனிந்துகொண்டாள்.

மருதன் திரும்பித் தலைவனை வணங்கினான். “ஐயா, நேற்று வந்தவன் நான். இவ்வளவு பெரிய மரியாதைக்குத் தகுதியற்றவன். இன்று ஒருநாள் தாங்கள் முன்னே செல்லுங்கள்.”

வன்கண்ணன் இருமினான். “எனக்கு முழங்கால் வலி. குளிர்ந்த நீர் ஆகாது.”

“அப்படியானால், நயவன் அண்ணன்?”

“நான் பேசுகிறவன், தம்பி, நடக்கிறவன் அல்லன்.”

“இவனோடு என்ன பேச்சு? நீரில் தள்ளுங்கள்!” என்று வன்கண்ணன் கத்தினான்.

இளைய செந்நாய்கள் இரண்டும் நெருங்கின. மூத்தவள் குறுக்கே வந்து நின்றாள்.

“அந்தக் காட்டுப்பன்றிக்கு முன்பே என் தம்பிக்கும் இதே மரியாதையைத்தான் கொடுத்தீர்கள், ஐயா. அன்றும் உங்களுக்கு முழங்கால் வலிதான்.”

“வாயை மூடு!”

“மூடியிருந்ததால்தான் அவனை இழந்தேன்.”

அவள் தன் நெற்றிச் செம்மண்ணை ஈரப்புல்லில் தேய்த்துவிட்டு நடந்தாள். மற்ற இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன; பிறகு அவள் பின்னே சென்றன. கடிக்கும் பற்கள் போனபின், தலைவனிடம் எஞ்சியது குரல் மட்டுமே. அதையும் பனி விழுங்கியது.

பின்னர் நடந்தவை இவை: செந்நாய்கள் மலையடிவாரத்திலிருந்த தம் இனத்தோடு சேர்ந்தன. நயவன் அன்று மாலையே வேறொரு தலைவனைத் தேடிப் போனான். வன்கண்ணன் ஆற்றைக் கடக்கவே இல்லை. மருதனின் மந்தை கிடைக்கவில்லை. சில புள்ளிமான்கள் சற்றே நகர்ந்து, தம் அருகில் மேய அவனுக்கு இடம் தந்தன.

நீதி: தான் அஞ்சும் ஆபத்தைப் பிறருக்கு மரியாதையென்று தருபவன் தலைவன் அல்லன், அவனைப் பின்பற்றாதே.