ஜமீன்தார் கற்ற பெரிய சொல்

பஞ்ச காலம் அது. மகளைப் புதைத்த மண் கையில் காய்வதற்குள், இங்கிலீஷ் வாத்தியார் தேவசகாயத்தைக் கூட்டிப்போக ஜமீன் ஆள் வந்துவிட்டான்.

களஞ்சியம் நிறைய நெல்லைப் பூட்டி வைத்திருந்த ஜமீன்தார் முத்துவேலப்ப பூபதி சொன்னார்: "நாளைக்குக் கலெக்டர் துரை வர்றார். 'எங்கும் செழிப்பு, எல்லாம் என்னால்தான்'னு இங்கிலீஷ்ல நான் பேசணும். சாதாரணச் சொல் வேண்டாம், பெரிய சொல்லாக் கொடும். துரை அசரலேன்னா உம்ம தோலை உரிச்சிடுவேன்."

தேவசகாயம் கை மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "செழிப்புக்கு 'ஸ்டார்வேஷன்'னு ஒரு சொல் இருக்குங்க, எஜமான்."

அதன் கனம் ஜமீன்தாருக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் துரைக்கு மாலை போட்டு, "ஸ்டார்வேஷன் எவ்ரிவேர்! ஐ டிட் இட்!" என்று மார்தட்டினார். எங்கும் பட்டினி, செய்தவன் நானே என்று அதற்குப் பொருள்.

விருந்துக்கு வந்த துரை, இலையில் உட்காராமல் ஊருக்குள் நடந்தார். திரும்பி வந்ததும் களஞ்சியப் பூட்டை உடைக்கச் சொன்னார்.

துரை போன பிறகு தேவசகாயத்தைத் தூணில் கட்டி அடித்தார்கள். முதுகு கிழிந்தது.

"அந்தச் சொல்லுக்கு நிஜ அர்த்தம் என்னய்யா?" என்று ஜமீன்தார் கத்தினார்.

வெளியே கஞ்சிக்கு நின்றவர்களின் இருமல் கேட்டது.

"வார்த்தையில சொன்னா உங்களுக்கு விளங்காதுங்க, எஜமான். சன்னலைத் திறந்து பாருங்க."