ஒரு சொல்லும் ஈரத் தரையும்

அந்த ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு அமுதவல்லிக்கு முப்பதுகூட ஆகவில்லை. சீடர் பொன்னையனுக்குப் பேரன் பேத்திகள் உண்டு.

ஒரு நாள் மாலை பொன்னையன், மண்டபத்து மூலையில் வைத்திருந்த தன் பையைக் கட்டிக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தார்.

"ஆக்வர்டுன்னா என்னம்மா?" என்று அங்கே நின்ற குருவிடம் கேட்டார்.

"யார் சொன்னாங்க?"

"போன கூட்டத்துக்கு வந்த ஒரு பையன். பேசி முடிச்சதும், சபைக்கு முதுகைக் காட்டக் கூடாதேன்னு பின்னாலயே நடந்து மேடையை விட்டு இறங்கினேன். மைக்கோட சேர்ந்து விழுந்தேன். 'ஆக்வர்டு'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க."

"நானும்தான் சிரிச்சேன்."

பொன்னையன் தலைகுனிந்தார். "நாளைக்கும் என்னையே பேசச் சொல்லியிருக்கீங்க. வேற ஆளைப் பாருங்கம்மா. நான் ஊருக்குப் போறேன். அர்த்தத்தை மட்டும் சொல்லிடுங்க."

"இப்போ அதுக்கு, பார்க்கவே சங்கடமா இருக்கறதுன்னு அர்த்தம் ஐயா. அந்த இங்கிலீஷ் சொல் பிறந்தப்போ, தப்பான பக்கம் திரும்பினதுன்னு அர்த்தம்."

"அப்போ பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான்."

குரு உள்ளே போய் வாளியும் மாப்பும் கொண்டுவந்தார். "நாளைக்குக் கூட்டம் இருக்கு. போறதுக்கு முன்னாடி மண்டபத்தைத் துடைச்சுக் கொடுத்துட்டுப் போங்க."

பொன்னையன் தன் மூலையிலிருந்து ஆரம்பித்தார். கண்ணெல்லாம் வாசலில் இருந்த பையின் மேல். முன்னால் துடைத்துத் துடைத்து, துடைத்த இடத்தையே மிதித்துக்கொண்டு போனார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் ஈரத்தில் வரிசையாகக் காலடி.

"யானை போன மாதிரி இருக்கு ஐயா," என்றார் வாசலில் நின்ற குரு.

பொன்னையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி மூலைக்குப் போனார். இந்த முறை வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, துடைத்தபடியே அடி அடியாகப் பின்னால் வந்தார். அவர் கால் பட்ட இடத்தையெல்லாம் மாப்பு வந்து அழித்தது. மைக் விழுந்த இடம், சிரித்தவர்கள் உட்கார்ந்திருந்த இடம், எல்லாம் கண்ணெதிரே பளிச்சென்று விரிந்துகொண்டே போயின. நிலைப்படி தாண்டிக் காலை வெளியே வைத்தபோது குதிகாலில் பை இடித்தது.

ஈரத் தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"இப்போ நான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கேன்மா?"

குரு குனிந்து பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"ஈரம் காயட்டும் ஐயா. அப்புறமா உள்ள கொண்டுபோய் வைங்க."