ஏழு நாள் மிதிக்காத பாதை

"அம்மா, நான் பதிச்ச கல்லு ஒண்ணுகூட நிக்கல."

பொன்னம்பலம் பெயர்ந்துபோன செங்கல் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வயது அறுபத்தாறு. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலியை நகர்த்தி நட்டவர்களுக்கு அவர் பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வரும். தன்னைவிட இருபது வயது இளையவரான வெள்ளியம்மையை அவர் குருவாக ஏற்று மூன்று வருடமாகிறது.

வெள்ளியம்மை மலையடிவாரத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் இருந்தார். சாரல் காலம். மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மேகம் இறங்கியிருந்தது.

"பாதை யாருக்கு?"

"என் வீட்டுக்காரி மரகதத்துக்கு. வாதம் வந்து இடது கால் இழுத்துக்கிட்டு. ஆறு மாசமா மக வீட்ல இருக்கா. தோட்டத்துல தனியா நடக்க முடிஞ்சா வாரேங்கா. என் கையைப் பிடிச்சு நடக்கணும்னா வரவே மாட்டாளாம்."

"உங்க கை ஏன் வேண்டாமாம்?"

பொன்னம்பலம் துண்டைப் பிரித்துச் செங்கல்லை வெளியே எடுத்தார்.

"நாப்பது வருசம் நான் முன்னால நடந்தேன். ஒருநாளும் திரும்பிப் பாக்கல."

வெள்ளியம்மை செங்கல்லை வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது குமிழி விட்டுக்கொண்டே அடியில் போய் உட்கார்ந்தது.

"காஞ்ச கல்லு. சாந்துல இருக்கிற தண்ணியைக் குடிச்சிரும். பிறகு சாந்து எப்படிப் பிடிக்கும்? குமிழி அடங்குற வரைக்கும் ஊறப் போட்டுப் பதிங்க. பதிச்சு முடிச்சதும் ஏழு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தணும்."

"சாரல் அடிச்சாலுமா?"

"அடிச்சாலும்."

அவர் வீட்டில் மறுபடி கல்லை ஊறப் போட்டதைப் பார்த்து, கொத்தனாரைக் கூப்பிடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பொன்னம்பலம் முறைத்த முறைப்பில் அவர் மறுபடி அந்தப் பக்கம் வரவில்லை.

நாலாம் நாள் கடைசிக் கல்லைப் பதித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாதை போடுகிற சேதி கேட்டு, நாள் பொறுக்காமல் மரகதம் வந்துவிட்டாள்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு. ஆனா ஏழு நாள் மிதிக்கக் கூடாதாம்."

"பிறகு நான் என்னத்துக்கு வந்தேன்?"

அவள் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். அது போயிருந்தது. காலையில் கிளம்பிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

காலையில் அவள் கிளம்பவில்லை. பாதையை ஒட்டி மண்ணில் இறங்கித் தனியாக நடக்கப் பார்த்தாள். இரண்டடியில் கால் வழுக்கியது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்றவரின் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"கையைப் பிடிக்கல. தோளைத்தான் பிடிச்சிருக்கேன்."

"சரி."

அவர் சகதியிலேயே, பாதைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நடந்தார். அவள் ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்தாள். இருபதடி போய் வர அரைமணி ஆனது. அந்தத் தோட்டம் அவ்வளவு நீளம் என்று, அளந்த மனிதருக்கே தெரியாமல் இருந்தது.

மூன்றாம் நாளா நாலாம் நாளா என்பது குழம்பிப்போயிற்று. மேகம் தோட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பிச்சிக்கொடி கண்ணுக்குத் தெரியவில்லை, வாசம் மட்டும் வந்தது. அந்த வெள்ளைக்குள் இரண்டு பேரும் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"நேத்து கனவுல ஓடினேன்" என்றாள் மரகதம்.

"எங்க?"

அவள் நின்றுவிட்டாள். அவர் அவளிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. பிறகு அந்தக் கனவை முழுக்கச் சொன்னாள். சொல்லி முடிக்க நாலு நடை ஆயிற்று.

எட்டாம் நாள் வெள்ளியம்மை வந்தார். பாதையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். நடுவில் நின்று குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார். ஒரு கல்லும் அசையவில்லை.

"நல்லாப் பிடிச்சிருக்கு. இன்னும் ஏன் ரெண்டு பேரும் சகதியில நிக்கிறீங்க?"

பொன்னம்பலம் வாயைத் திறந்தார். முந்திக்கொண்டவள் மரகதம்.

"ஒண்ணரை அடிதான் போட்டிருக்காக அம்மா. ஒருத்தர்தான் போகலாம். அகலமாக்கச் சொல்லுங்க."

"அகலமாக்குனா மறுபடி ஏழு நாள் மிதிக்க முடியாது மரகதம்" என்றார் அவர்.

"தெரியும்."