சாரல்குளத்துச் சர்க்கரை எலிகள்

குற்றாலத்துச் சாரல் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற தூரத்தில் சாரல்குளம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு மூலிகை ஆராய்ச்சி நிலையம். நிலையத்தில் பத்து வெள்ளை எலிகளும் மூன்று ஊழியர்களும் இருந்தார்கள். இரு தரப்பில் புத்திசாலி யார் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் கொஞ்சமும் யோசிக்காமல் எலிப் பக்கம் கை காட்டுவார்கள்.

மூவரில் மூத்தவர் மாசாணம். இருபத்திரண்டு வருட சர்வீஸ். எழுத்துக் கூட்டிப் படிப்பார் என்பதால் அவரே தலைவர். பேச்சிமுத்துவுக்குக் கூண்டு கழுவுகிற வேலை. பலவேசத்துக்குச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. அடை மழையிலும் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஊற்றிவிடுவான்.

நிலையத்தை நடத்தியவர் டாக்டர் சண்முகவடிவு. சிறுகுறிஞ்சான் இலைக் கஷாயம் சர்க்கரை நோய்க்கு எந்த அளவுக்குக் கேட்கிறது என்று எலிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளில் மேலதிகாரி வந்து பார்க்கப் போகிறார், முடிவு எதுவும் இல்லையென்றால் நிலையத்தை மூடிவிடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து, நாகர்கோவிலில் இருந்த டாக்டரின் மகளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே பிரசவ வலி எடுத்துவிட்டது.

ஆட்டோவை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, டாக்டர் ஒரு தாளில் செய்ய வேண்டியதையெல்லாம் அவசர அவசரமாக எழுதி மாசாணத்தின் கையில் கொடுத்தார். இதில் உள்ளதை உள்ளபடி செய்யுங்கள், தயவுசெய்து யாரும் சொந்தமாக யோசிக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஆட்டோ போனதும் மூவரும் கூடிப் பேசினார்கள். சொந்தமாகத்தானே யோசிக்கக் கூடாது, மூன்று பேரும் சேர்ந்து யோசிக்கலாம் என்று முடிவாயிற்று. மாசாணத்துக்குத் தனியாக ஒரு கவலையும் இருந்தது. நிலையத்தை மூடினால் தன்னை உரக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். அந்த நாற்றத்தில் இருபத்திரண்டு வருட சர்வீஸும் வீணாகிவிடுமே என்று நினைத்துக்கொண்டார்.

தாளின் முதல் வரி, இலையை நிழலில் உலர்த்த வேண்டும் என்றது. யாருடைய நிழலில் என்று டாக்டர் எழுதவில்லை. மூவரிலும் அகலமான நிழல் பலவேசத்துடையது என்பதால் அவனை முற்றத்து வெயிலில் நிறுத்தி, அவன் நிழலில் இலையைப் பரப்பினார்கள். நிழல் நகர நகரப் பேச்சிமுத்து இலையை அள்ளி அள்ளிப் பரப்பினான். உச்சி வேளையில் நிழல் காலடிக்குள் சுருண்டுவிட்டது. பலவேசம் இலைமேலேயே ஏறி நின்றுகொண்டான். இரண்டு நாளில் இலை காய்ந்ததோ இல்லையோ, பலவேசம் நன்றாகக் காய்ந்துவிட்டான்.

அடுத்த வரி: ஐந்து எலிகள் மருந்துக் குழு, ஐந்து எலிகள் கட்டுப்பாட்டுக் குழு.

கட்டுப்பாட்டுக் குழுவுக்கு மருந்து கிடையாது, வெறும் தண்ணீர்தான் என்பது டாக்டருக்குத் தெரியும். மாசாணத்துக்குக் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடு. அந்த ஐந்தும் கத்தக் கூடாது, கம்பியில் ஏறக் கூடாது, ஒன்றின் வாலை ஒன்று கடிக்கக் கூடாது என்று கூண்டின் முன்னால் குச்சியோடு உட்கார்ந்து கண்டித்தார். கேட்காத எலியை மூலையைப் பார்த்து உட்கார வைத்தார். எலி திரும்பும். இவர் மறுபடி பிடித்து உட்கார வைப்பார். சாயங்காலத்துக்குள் எலிக்குக் கழுத்து வலித்ததோ என்னவோ, இவருக்கு வலித்தது.

மூன்றாவது வரியில்தான் பெரிய விவாதமே வந்தது. "காலையில் வெறும் வயிற்றில் மருந்து" என்று எழுதியிருந்தது.

"வெறும் வயிறுன்னா துணி இல்லாத வயிறு. எலிதான் துணியே உடுத்தலியே அண்ணாச்சி" என்றான் பேச்சிமுத்து.

"முடி இருக்குல்லா. அதான் அதுக்குச் சட்டை" என்றான் பலவேசம்.

மாசாணம் கண்ணை மூடி வெகு நேரம் யோசித்தார். "அப்பம் சட்டையக் கழட்டணும்வே" என்றார்.

சவரக்கடையிலிருந்து கத்தியும் சோப்பும் வந்தன. பத்து எலிகளையும் மல்லாக்கப் பிடித்து, நுரை போட்டு, வயிற்றை வழவழவென்று சிரைத்தார்கள். கூசினால் எலி சும்மா இருக்குமா? மாசாணத்தின் பத்து விரலிலும் பல் பதிந்தது. ஆனால் எல்லா வயிறும் வெறும் வயிறாயிற்று. இனி விடிந்தால் கஷாயத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவ வேண்டியதுதான்.

அதற்கும் ஒரு விதி எழுதியிருந்தது. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்குத் தண்ணீர் என்பது கொடுப்பவருக்கே தெரியக் கூடாது. ஆகவே மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். முதல் நாள் பேச்சிமுத்து தடவி முடித்துவிட்டு, நாலாவது எலி நல்ல சாது, கடிக்கவே இல்லை, ஆனால் வயிறு மட்டும் கொஞ்சம் எலும்பாக இருக்கிறது என்று சொன்னான். அது மாசாணத்தின் முழங்கால். அவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் எது எந்த எலி என்று தெரிந்துபோகும். தெரியக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு.

கடைசி வரி: "தினமும் சர்க்கரை எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஏட்டில் எழுதவும்."

இது சுலபமான வேலை. நிலையத்துச் சமையல்கட்டில் ஒரே ஒரு சர்க்கரை டப்பா இருந்தது. காலையில் டீ குடித்து முடித்ததும் மாசாணம் அதை எடை போட்டார். முதல் நாள் தொண்ணூறு கிராம் குறைந்திருந்தது. மறுநாள் நூறு கிராம். மருந்து இப்படி வேலை செய்யும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சந்தோஷத்தில் மூவரும் இன்னொரு டீ போட்டுக் குடித்தார்கள். அன்றைக்கு இன்னும் வேகமாகக் குறைந்தது. ஒன்பதாம் நாள் அவர் கொட்டை எழுத்தில் எழுதினார்: "சர்க்கரை அறவே இல்லை."

பன்னிரண்டாம் நாள் மேலதிகாரி ஆவுடையப்பன் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல உடம்பு. சட்டைப் பொத்தான்கள் வயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. நிலையத்தை மூடுகிற உத்தரவைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி.

டாக்டர் எங்கே என்று கேட்டார். பேறுகாலத்துக்குப் போயிருக்கிறார் என்று பலவேசம் சொன்னதும், ஐம்பத்தாறு வயதிலா என்று ஒரு கணம் திகைத்தார். அப்புறம் ஏட்டைப் புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் கண் நின்றது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"சுத்தமா இல்லையா?"

"டப்பாவத் தட்டியே பாத்தாச்சு சார். ஒரு பொட்டு இல்ல" என்றார் மாசாணம்.

டப்பா என்பது ஏதோ பரிசோதனைக் கருவி என்று ஆவுடையப்பன் நினைத்துக்கொண்டார். அவருக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. அல்வாக் கடையைக் கண்டால் எதிர்ப் பிளாட்பாரத்துக்கு மாறி நடக்கிற மனிதர். கொண்டுவந்த உத்தரவை நாலாகக் கிழித்தார். ஏட்டிலேயே "நிலையம் தொடர்ந்து இயங்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த மருந்தைத் தனக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

மாசாணத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரியை மேஜைமேல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இன்னொரு சட்டை மாதிரி முடி. பலவேசம் நுரை போட்டான், பேச்சிமுத்து சிரைத்தான். இதெல்லாம் புது முறை வைத்தியம் போலிருக்கிறது என்று ஆவுடையப்பன் பொறுத்துக்கொண்டார். கூச்சத்தில் இரண்டு தடவை சிரிக்கக்கூடச் செய்தார். பாதி வயிறு ஆனபோது, அடுத்து என்ன செய்வீர்கள் என்று விசாரித்தார்.

தாளில் இவ்வளவுதான் இருக்கிறது என்று மாசாணம் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பின்னாலயும் எழுதியிருக்கேய்யா" என்றார் ஆவுடையப்பன்.

அப்போதுதான் மாசாணம் தாளைத் திருப்பினார். டாக்டரின் கையெழுத்து அந்தப் பக்கமும் ஓடியிருந்தது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் விட்டோமே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. அதிகாரிக்குக் கேட்கும்படி எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தார்.

"சோதனை முடிந்ததும் ஈரலை எடுத்துப் பாட்டிலில் போட்டு, பெயர் எழுதி, சென்னைக்கு அனுப்பவும்."

பேச்சிமுத்து கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சாருக்கு இனிஷியல் என்ன?" என்று கேட்டான்.

பலவேசம் ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவ எழுந்தான். ஆவுடையப்பனும் எழுந்தார். அவ்வளவு உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை. பாதி வயிறு வழவழவென்றும் மீதி வயிறு நுரையுமாக ஜீப்பில் பாய்ந்தார். ஜீப் தென்காசிச் சாலையில் புழுதியாகப் போயிற்று.

மாசாணம் ஏட்டை எடுத்து முறைப்படி எழுதினார்: "பதினோராவது எலி தப்பி ஓட்டம். வாகனம் உண்டு."

பிறகு மிச்ச வரியையும் படித்தார். தப்பிய எலியை உடனே பிடித்துக் கூண்டில் அடைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, திருநெல்வேலியில் ஆவுடையப்பனின் ஆபீஸ் வாசலில், நாய் பிடிக்கிற பெரிய கூண்டு ஒன்று கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. வேப்பமரத்துக்குப் பின்னால் மூவரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள மசால்வடை ஒண்ணு வச்சிருக்கேன் அண்ணாச்சி. போதுமா?" என்று பலவேசம் கிசுகிசுத்தான்.

மாசாணம் அவனைக் கண்டிப்போடு பார்த்தார்.

"கெஜட்டட் ஆபீசர்வே அவர். ரெண்டா வையி. கூட கொஞ்சம் சட்னியும் வையி."