பதிப்பெண்ணை அழித்த ஓணான்

முதலில், காட்டுச் சபை, வெள்ளம் வந்தால் எச்சரிக்கும் சர்வர் கட்டும் வேலையைச் செம்பன் ஓணானுக்குத் தராமல் வடிவுக் கீரிக்குத் தந்தது. அடுத்து, ஏரி பொங்கியபோது அந்தச் சர்வர் சங்கை ஊதி முயல்களைக் காப்பாற்றியது. காடே கீரிக்கு மாலை போட்டது. மூன்றாவதாக, ஓணானின் மனைவியே, "கீரி கெட்டிக்காரிதான்!" என்றது. முதல் இரண்டையும் ஓணான் பொறுத்துக்கொண்டது. மூன்றாவதைப் பொறுக்கவில்லை.

ஏரிக்கரைக் காட்டில் மழையில் நனைந்து கணினிகள் அடிக்கடி கெடும். கீரி கவலைப்படாது. செய்முறைக் கோப்பை இயக்கினால் போதும். தேவையான நிரல்கள் எல்லாம் அடங்கிய கண்டெய்னர் வேறொரு கணினியில் அச்சு மாறாமல் எழுந்துவிடும். அந்தக் கோப்பில், நீர்மட்டத்தை அளந்து சொல்லும் நீட்சி என்ற துணைநிரலின் பெயருக்குப் பக்கத்தில் "பதிப்பு 3.2" என்று கீரி குறித்திருந்ததே அதற்குக் காரணம்.

ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. "ஏன் வடிவக்கா, ஊரெல்லாம் நாலாம் பதிப்புக்குப் போயாச்சு. நீ இன்னும் பழசையே கட்டிக்கிட்டு அழறியே!"

"புதுசை வேணாம்னு யார் சொன்னா? தனியா ஒரு கண்டெய்னர்ல போட்டுச் சோதிச்சுட்டு நம்பரை மாத்துவேன். அதுவரைக்கும் 3.2 தான்!"

"பயந்தாங்கொள்ளி!"

"தலையை ஆட்டுறவங்க எல்லாம் யோசிக்கிறவங்க இல்ல, தம்பி!"

காகங்கள் சிரித்தன. ஓணானின் கழுத்து சிவந்தது.

கீரி அக்கரைக்குத் தங்கையைப் பார்க்கப் போனதும் ஓணான் சபையில் எழுந்தது. "3.2 என்பது கீரியின் பிடிவாதம்! எப்போதும் புதியதையே எடு என்று எழுதுவோம்!" சபை கைதட்டியது. கைதட்டுவதில் சபைக்கு என்றுமே குறைவில்லை. ஓணான் பதிப்பெண்ணை அழித்தது.

சர்வர் வழக்கம்போல ஓடியது. ஏற்கெனவே கட்டிய கண்டெய்னருக்குள் பழைய நீட்சிதானே இருந்தது! அதை அறியாத ஓணான், "பாத்தீங்களா, என்ன குடிமுழுகிப் போச்சு?" என்று கிளைக்குக் கிளை சொல்லித் திரிந்தது.

ஐப்பசியில், கீரி திரும்பும் முன்பே, இடி விழுந்து கணினி கருகியது. ஓணானே புதிய கண்டெய்னரைக் கட்டியது. இந்த முறை நாலாம் பதிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. பழையது அடிக்கணக்கில் அளந்தது. புதியது மீட்டர் கணக்கில் அளந்தது. சங்கோ, "பன்னிரண்டு" என்று கேட்டால்தான் ஊதும்.

ஏரி பதின்மூன்று அடியைத் தொட்டது. புதிய நீட்சி, "நாலு" என்றது. சங்கு ஊதவில்லை.

பகலில் வளைக்குள் தூங்கிய முயல்கள், தண்ணீர் மூக்கில் ஏறிய பிறகே விழித்தன. அல்லி முயல் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கரையேற்றியது. கடைசிக் குட்டி தும்பைக்காகத் திரும்பியபோது வளையே இல்லை.

"நான் யாரையும் கொல்ல நினைக்கலையே! கீரியோட பேரைக் கெடுக்கத்தானே பாத்தேன்!" என்று ஓணான் அழுதது.

சபைத் தலைவரான ஆமை, கரைக்கல்லில் ஒரு பெயரைக் கீறியது. "கைதட்டின நாங்களும் தலைகுனிஞ்சு நிக்கிறோம். நீ படி. காடு முழுக்கக் கேக்கணும்."

சோதித்து உறுதி செய்த ஒன்றைப் பொறாமையால் அழிப்பவன், தன் எதிரியை அல்ல, தன்னை நம்பித் தூங்குகிறவரையே மூழ்கடிக்கிறான்.

அல்லியும், அக்கரையிலிருந்து திரும்பிய கீரியும், காகங்களும் பார்த்து நிற்க, ஓணான் உரக்கப் படித்தது: "தும்பை."