மொட்டை மாடி யாருடையது?

மடிப்பாக்கத்தில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கத் தலைவர் வக்கீல் சிவப்பிரகாசம். மேல்தளத்தில் குடியிருந்த அவர், ஒருநாள் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார்.

"என் தலைக்கு மேலே இருக்கிறது என் மாடி. யாராவது கால் வெச்சா கேஸ்தான்!" என்றார்.

கீழ்வீட்டு அடைக்கலமேரி அங்கேதான் வடகம் காயவைத்து விற்றுப் பிழைத்துவந்தாள். அவள் கெஞ்சிப் பார்த்தும் அவர் இரங்கவில்லை.

ஐப்பசி மழையில் மாடி ஒழுகி வக்கீலின் கட்டில் நனைந்தது. உடனே கூட்டம் கூட்டினார்.

"மாடியை ரிப்பேர் பண்ணணும். எல்லாரும் பங்கு கொடுங்க."

அவரை எதிர்த்துப் பேச எல்லோருக்கும் பயம். அடைக்கலமேரி மட்டும் எழுந்தாள்.

"கொடுக்கலாம் சார். ஆனா உங்க மாடியில நாங்க அனுப்புற கொத்தனார் கால் வெச்சா, எங்க மேல கேஸ் போட்டுடுவீங்களே!"

"யாரும்மா சொன்னது? மொட்டை மாடி எல்லாருக்கும் பொது!" என்று கத்தினார் வக்கீல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்போதுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. முனகிக்கொண்டே சாவியை எடுத்து நீட்டினார்.

எல்லோரும் பங்கு போட்டு மாடியைச் சரிசெய்தார்கள். தை மாத வெயிலில் வடகம் கலகலவென்று காய்ந்தது. வக்கீலின் மனைவியே முதல் ஆளாக வந்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போனாள்.